ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தீங்களா?

போன வாரம் சென்னையில் இருந்து ஒரு நண்பர் போன் பண்ணினார். வருஷா வருஷம் மே மாதம் குடும்பத்தோடு வந்து எங்க தோட்டத்தைப் பார்த்துவிட்டு, ரெண்டு கிலோ பூண்டு வாங்கிப் போகிறவர். 2012 மாடல் டீசல் கார் வைத்திருக்கிறார். விற்கப் போறாராம்.

"ஏன் சார், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைங்க. 78,000 கிலோமீட்டர் ஆயிடுச்சு. 80,000 தாண்டினா டர்போ போயிடும்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க. சின்ன டீசல் இன்ஜினை நம்பவே முடியாதுங்க. போறதுக்குள்ள தள்ளிவிட்டுடணும்."

"ஆயில் குச்சியைக் கடைசியா எப்ப எடுத்துப் பார்த்தீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அது எங்க இருக்கு?" என்றார்.

பதிமூணு வருஷமா அந்த வண்டியை ஓட்டுகிறவர். படித்தவர், நல்ல மனிதர், என்மேல் பிரியம் உள்ளவர். அவரைத் திட்ட இதை எழுதவில்லை. ஆனால் "நம்ப முடியாது" என்ற அந்த வார்த்தை ரெண்டு நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. வழக்கமாக கேரட், தேயிலை, காட்டெருமை என்று எழுதுகிற ஆள் நான். இன்றைக்கு இன்ஜின். கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் வண்டியில் இருப்பதும் என் வண்டியில் இருப்பதும் ஒரே இன்ஜின். என்ன கம்பெனி வண்டி என்று கேட்காதீர்கள், கேட்டும் பிரயோஜனம் இல்லை. இந்த 1.3 லிட்டர் மல்டிஜெட்டை ஃபியட் கம்பெனி 2003ல் கொண்டுவந்தது. 1248 சிசி, நாலு சிலிண்டர், எடை 130 கிலோ, அதாவது ரெண்டு ஆள் எடை. 2005ல் சர்வதேச அளவில் அந்த அளவு இன்ஜின்களில் சிறந்தது என்று விருதும் வாங்கியது. 2007ல் மாருதி ஸ்விஃப்ட்டில் வந்ததும் நம்ம ஊரில் பிடித்துக்கொண்டது. அப்புறம் டிசையர், ரிட்ஸ், எர்டிகா, டாடாவின் விஸ்டா, மான்சா, ஜெஸ்ட், ஃபியட்டின் புண்டோ, லீனியா, செவர்லேயின் செயில், எஞ்சாய்... பானெட்டைத் திறந்தால் எல்லாவற்றிலும் ஒரே ஆள்தான் உட்கார்ந்திருப்பார். மானேசரிலும் புனே பக்கம் ரஞ்சன்காவிலும் லட்சக்கணக்கில் செய்தார்கள். "இந்தியாவின் தேசிய இன்ஜின்" என்று கார் பத்திரிகைகள் எழுதின. இத்தனை கம்பெனிகள் கண்ணை மூடிக்கொண்டா ஒரே இன்ஜினை வாங்கிப் போட்டிருப்பார்கள்?

மலைக்காரனுக்கு இந்த இன்ஜின் ஏன் பிடிக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்தில் இருந்து 300 மீட்டர் சொச்சம். ஊட்டி 2,240 மீட்டர். ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் கிட்டத்தட்ட ரெண்டு கிலோமீட்டர் உயரம் ஏறுகிறோம். மேலே வரவர காற்று மெலிகிறது. ஊட்டியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி அந்த முக்கால் காற்றைத்தான் இழுக்கும், அதனால் முக்கால் பலம்தான் காட்டும். சென்னையில் சிட்டாகப் பறந்த வண்டி லவ்டேல் ஏற்றத்தில் ஏன் இழுக்க மாட்டேங்குது என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்! வண்டியில் கோளாறு இல்லைங்க, அதுக்கு மூச்சு வாங்குது.

டர்போ என்பது வேறொன்றும் இல்லை. வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதே தண்டில் இன்னொரு சக்கரத்தை மாட்டி, வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிற ஊதுகுழல். அடுப்பூதத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். மெலிந்த காற்றை அமுக்கித் தருவதால் மலையில் இழப்பு ரொம்பக் குறைவு. இந்த 1.3 இன்ஜினின் சாதாரண வடிவம் 75 குதிரைத்திறன்தான். ஆனால் இழுவை 190 நியூட்டன் மீட்டர், அதுவும் 2,000 சுற்றிலேயே கிடைக்கும். அதே காலத்து 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு 110 சொச்சம், அதற்கும் 4,000 சுற்றுக்கு முறுக்க வேண்டும். அஞ்சு பேர், பின்னாடி ரெண்டு மூட்டை விதை உருளைக்கிழங்கு, கொண்டை ஊசி வளைவு. எது ஏறும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்படிப்பட்ட இன்ஜின் எப்படிக் கெட்ட பெயர் வாங்கியது? இங்கேதான் எனக்குக் கொஞ்சம் பழைய கணக்கு இருக்கிறது.

2010ல் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை அரசு எடுத்தது. டீசலுக்கு எடுக்கவில்லை. விவசாயி பாதிக்கப்படுவான், லாரி வாடகை ஏறும், காய்கறி விலை ஏறும் என்றார்கள். எங்கள் பேரைச் சொல்லி டீசலை விலை குறைவாக வைத்தார்கள், நல்லதுதான். 2012 மே மாதத்தில் சென்னையில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். அந்த வித்தியாசத்தை அனுபவித்தது யார்? நகரத்தில் இருப்பவர்கள் வரிசையில் நின்று டீசல் கார் வாங்கினார்கள். அந்த வருஷங்களில் விற்ற கார்களில் பாதிக்குக் குறையாமல் டீசல். 2006 பட்ஜெட்டில் நாலு மீட்டருக்குள் நீளம், 1,500 சிசிக்குள் டீசல் இன்ஜின் இருந்தால் "சின்னக் கார்" என்று வரியையும் குறைத்திருந்தார்கள், அதுவும் சேர்ந்துகொண்டது. டீசல் கார்களுக்கு 80,000 ரூபாய் கூடுதல் வரி போடுங்கள் என்று கிரித் பாரிக் கமிட்டி 2010லேயே சொல்லிப் பார்த்தது. யார் கேட்டார்கள்? எங்கள் டிராக்டருக்கும் பம்ப் செட்டுக்கும் என்று சொன்ன மலிவு டீசலில் டி.நகர் டிராஃபிக்கில் ஏசி ஓடியது.

வாங்கியவர்கள் எல்லாம் வருஷத்துக்கு முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடுகிறவர்களா? இல்லை. வீட்டில் இருந்து ஆபீஸ் நாலு கிலோமீட்டர், பிள்ளையின் ஸ்கூல் ரெண்டு கிலோமீட்டர். டீசல் இன்ஜின் மெதுவாகச் சூடேறும். நாலு கிலோமீட்டரில் சூடாவதற்குள் நீங்கள் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவீர்கள். சாயங்காலம் மறுபடி அதே நாலு. அப்படியே ஆறு வருஷம். சூடேறாத இன்ஜினில் டீசல் முழுசாக எரியாது, கரி சேரும். புகையில் ஒரு பகுதியைத் திருப்பி இன்ஜினுக்குள்ளேயே அனுப்புகிற ஈஜிஆர் வால்வு என்று ஒன்று இருக்கிறது. அதில் கரி அப்பும், காற்று போகிற குழாயெல்லாம் அப்பும். எங்கள் பாட்டி வீட்டுப் புகைபோக்கியை வருஷத்துக்கு ஒரு தடவையாவது தட்டுவார்கள். உங்கள் வண்டியை ஒரு தடவையாவது நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டி அந்தக் கரியை எரித்திருக்கிறீர்களா?

2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் போனது. வித்தியாசம் சுருங்கியது. உடனே நகரத்துக்கு டீசல் கசந்துவிட்டது. "அய்யோ, மெயின்டனன்ஸ் ஜாஸ்தி", "டர்போ போனா அம்பதாயிரம்", "80,000க்கு முன்னாடி வித்துடு". வித்தார்கள். யாருக்கு? எங்களுக்கு.

நானும் அப்படி வாங்கியவன்தான். 2016ல், கோயம்புத்தூரில் ஒரு செகண்ட் ஹேண்ட் வியாபாரியிடம். 2010 மாடல், 54,000 கிலோமீட்டர், ஒரே ஓனர், சர்வீஸ் பில் எல்லாம் பைல் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு பில் பாக்கி இல்லை. நானும் ஏமாந்து, "பாத்துக்கிட்டா இப்படிப் பாத்துக்கணும்" என்று வீட்டில் பெருமை பேசினேன்.

அந்த ஜனவரி, உறைபனி விழுகிற நேரம். ராத்திரி ஒரு மணிக்குப் பக்கத்து வீட்டுத் தம்பி கதவைத் தட்டினான். அவன் அப்பாவுக்கு நெஞ்சு வலி. எங்க ஹட்டி பள்ளத்தில் இருக்கிறது. மெயின் ரோட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர் ஏற்றம். 108 கீழே இறங்கி வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். மாமாவைப் பின் சீட்டில் சாய்த்து, ரெண்டு கம்பளி போர்த்திக் கிளம்பினோம். முதல் வளைவு ஏறியது. ரெண்டாவது வளைவில் ஒரு விசில் சத்தம், அப்புறம் வெள்ளையும் நீலமுமாகப் புகை. இழுவை சுத்தமாகப் போய்விட்டது. முதல் கியரில் போட்டு மிதித்தால் வண்டி நகராமல் முனகுகிறது. மாமா அந்த வலியிலும், "தம்பி, நான் வேணும்னா இறங்கி நடந்துக்கறேன்" என்றார்.

நல்ல வேளை, தேயிலைத் தொழிற்சாலைக்குப் போய்த் திரும்பின இலை வண்டி ஒன்று மேலே ரோட்டில் வந்துகொண்டிருந்தது. ஹாரன் அடித்து, டார்ச் காட்டி, அதில் மாத்தி ஏற்றி குன்னூர் கொண்டுபோனோம். மாமா பிழைத்துக்கொண்டார். இப்போதும் என் வண்டியைப் பார்த்தால், "இன்னிக்கு ஏறுமா?" என்பார். எனக்குச் சிரிப்பு வராது. இலை வண்டி வரவில்லை என்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. ஹட்டியில் கார் என்பது ஷோவுக்கு நிறுத்துகிற சாமான் இல்லைங்க. ராத்திரியில் அதுதான் ஆம்புலன்ஸ்.

வண்டியை எங்க மெக்கானிக் அண்ணனிடம் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். முப்பது வருஷமாக மலை வண்டிகளைப் பார்க்கிறவர். டர்போவைக் கழற்றி அந்தத் தண்டை விரலால் ஆட்டிக் காட்டினார், பால் பல் மாதிரி ஆடியது. சம்ப் ஆணியைக் கழற்றினால் ஆயில் வடியவில்லை, தார் மாதிரி இறங்கியது. காற்றுக் குழாயில் சுண்டு விரல் நுழையக்கூட வழியில்லை, அத்தனை கரி. டீசல் ஃபில்டரைக் கழற்றி, "கம்பெனியில போட்டது, இதுவரைக்கும் மாத்தவே இல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்த பைலை நிதானமாகப் படித்தேன். கார் விற்கும்போதே படித்திருக்க வேண்டும். சர்வீஸ் சென்டர் பெயர் சொல்ல மாட்டேன், சொல்லித்தான் என்ன? ஏசி கிருமி நீக்கம் 900 ரூபாய். பெயின்ட்டுக்கு டெஃப்லான் பூச்சு 3,500. உள் அலங்காரச் சுத்தம், சக்கரம் அலைன்மென்ட், கண்ணாடி பாலிஷ். வருஷா வருஷம் இதேதான். ஆறு வருஷத்தில் ஆயில் மாற்றியது மூணு தடவை. டீசல் ஃபில்டர் ஒரு பில்லிலும் இல்லை. முதல் ஓனர் பாவம் ஏமாற்றவில்லை. வருஷம் ஒரு தடவை விட்டார், கேட்ட பணத்தைக் கட்டினார், பளபளவென்று திருப்பி வாங்கினார். வண்டியைப் பார்த்துக்கொண்டதாகவே நம்பியிருப்பார். வெளியே இருந்த பெயின்ட் நன்றாகத்தான் இருந்தது.

இப்போது டர்போவுக்கு வருகிறேன். அந்தச் சின்னச் சக்கரம் நிமிஷத்துக்கு ரெண்டு லட்சம் சுற்று வரை சுற்றும். லட்சம் என்றுதான் சொன்னேன். ஒரு பக்கம் எழுநூறு எண்ணூறு டிகிரிப் புகை. அந்தத் தண்டைத் தாங்குவது எது? பெரும்பாலானவற்றில் பால் பேரிங்கூட இல்லை. மெல்லிய ஆயில் படலம்தான். தண்டு அதில் மிதக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். அந்த ஆயில் தாராக இருந்தால்? காலையில் ஸ்டார்ட் பண்ணின உடனே, ஆயில் மேலே போய்ச் சேருவதற்குள், விர்ரென்று முறுக்கினால்? முழு ஏற்றம் ஏறி வந்து, சக்கரம் செக்கச்செவேல் என்று பழுத்திருக்கும்போது சாவியைத் திருப்பினால்? இன்ஜின் நின்றால் ஆயில் பம்ப்பும் நின்றுவிடும். தங்கின ஆயில் அங்கேயே வெந்து கரியாகி ஒட்டும்.

மே மாதம் பர்லியார் பழக்கடைப் பக்கம் நின்று பாருங்கள். கல்லாறில் இருந்து ஏசி போட்டு, ஆறு பேரை ஏற்றி, முந்தி முந்தி ஏறி வருவார்கள். மங்குஸ்தான் கண்ணில் பட்டதும் பிரேக், உடனே சாவி ஆஃப். நாங்கள் அப்படி அணைக்க மாட்டோம். நிறுத்துவதற்கு முன் கடைசி அரை கிலோமீட்டர் மெதுவாக வருவோம், இல்லையென்றால் நின்ற பிறகு ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அணைப்போம். அந்த ஒரு நிமிஷ டீசல் என்ன விலை? ஒரு டீ காசு ஆகாது. டர்போ விலை என்ன? அதை நீங்களே போன் பண்ணிச் சொல்கிறீர்கள்.

இந்த இன்ஜினுக்கு மொத்தமே சுமார் மூணு லிட்டர் ஆயில்தான். ஒரு லிட்டர் குறைந்தால் மூணில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். இதில் பெல்ட் கிடையாது, டைமிங் செயின். "செயின்னா லைஃப் டைம் சார்" என்று ஷோரூமில் சொல்வார்கள். அந்தச் செயினை இறுக்கிப் பிடிப்பது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிற டென்ஷனர். ஆயில் குறைந்தாலோ கெட்டாலோ செயின் தளர்ந்து தேயும், காலையில் கலகலவென்று சத்தம் போடும். அப்போதும் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவைத்து ஓட்டினால், ஒரு நாள் பல் தாண்டும், வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். அதோடு இன்ஜின் கதை முடிந்தது. இது இந்த இன்ஜினின் பலவீனம்தான், நான் மறைக்கவில்லை. ஆனால் மாசம் ரெண்டு தடவை குச்சியை உருவித் துடைத்துப் பார்க்கிறவனுக்கு இந்தப் பலவீனம் பெரிதாக ஒன்றும் செய்யாது.

கையேட்டில் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்று என்று போட்டிருக்கும். அதே கையேட்டில் பின்னால் "கடுமையான பயன்பாடு" என்று இன்னொரு அட்டவணை இருக்கும். மலைப்பாதை, தூசி, குளிர், அடிக்கடி சின்னச் சின்ன ஓட்டம் என்றால் சீக்கிரமே மாற்றச் சொல்லும். சின்ன ஓட்டம் என்று போட்டிருப்பது உங்கள் நாலு கிலோமீட்டர் ஆபீஸைத்தான்! கடுமையாக ஓட்டுவது நான் மட்டும் இல்லை, நீங்களும்தான். நான் 5,000க்கு ஒரு தடவை மாற்றுகிறேன். மெக்கானிக் அண்ணன் அதுகூட அதிகச் செலவு, 7,000 போதும் என்கிறார். இந்த விஷயத்தில் அவர் பேச்சை நான் கேட்பதில்லை.

இறக்கத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நியூட்ரல் போட்டு இறங்கினால் டீசல் மிச்சம் என்று யாரோ ஒரு புண்ணியவான் கிளப்பிவிட்டிருக்கிறான். சுத்தப் பொய். இந்த மாதிரி கம்ப்யூட்டர் வைத்த இன்ஜினில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரல் போட்டால்தான் இன்ஜின் தன்னை ஓட்டிக்கொள்ள டீசல் குடிக்கும். இன்னும் சிலர் இன்ஜினையே அணைத்துவிடுகிறார்கள். டீசல் வண்டியில் பிரேக்குக்கு உதவுகிற வேக்கம் பம்ப் இன்ஜினோடு சேர்ந்துதான் ஓடும். அணைத்தால் நாலைந்து மிதியில் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது கியரில் போ என்று போர்டு வைத்திருப்பது அழகுக்கு இல்லை. அங்கே பிரேக் கருகின வாசனையை நாங்கள் எத்தனையோ தடவை முகர்ந்திருக்கிறோம். பிரேக் கருகினதோடு நிற்காத சம்பவங்களையும் பார்த்திருக்கிறோம்.

அப்புறம் ரேடியேட்டர். ஏற்றத்தில் சூடு முள் ஏறினால் மூடியைத் திறந்து ஓடைத் தண்ணீரை ஊற்றுகிறார்கள். எங்க ஊரில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது என்று உங்க அம்மா சொல்லியிருப்பார்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால்தான் குக்கர் இல்லாமல் இங்கே சமையல் இல்லை. இன்ஜின் சாதாரணமாக ஓடுவதே 90 டிகிரி பக்கம். கொதிக்காமல் பிடித்து வைத்திருப்பது கூலன்ட்டும் அந்த மூடியின் அழுத்தமும்தான். மூடிதான் உங்கள் குக்கர் வெயிட். அதன் ரப்பர் வெடித்திருந்தால் சென்னையில் தெரியாது, குன்னூருக்கு மேல் தெரியும். சூட்டோடு திறந்தால் முகத்தில் தெரியும். இருநூறு முந்நூறு ரூபாய் மூடிக்காக ஹெட் வளைந்து இருபதாயிரம் செலவு பண்ணினவர்களை எனக்குத் தெரியும்.

டீசல் புகை நல்லது என்று நான் வாதாட வரவில்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012லேயே சொல்லிவிட்டது. ஃபோக்ஸ்வாகன் கம்பெனி புகைப் பரிசோதனையை ஏமாற்ற சாஃப்ட்வேர் வைத்து 2015ல் மாட்டியதும் எல்லாருக்கும் தெரியும். லட்சக்கணக்கான வண்டி நெருக்கி நிற்கிற ஊரில் டீசல் கார் குறைவதே நல்லது. பத்து வருஷ டீசல் வண்டி டெல்லியில் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015ல் சொன்னபோது, அந்த ஊர்க் காற்றுக்கு அது தேவை என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தச் செய்தியை வாட்ஸப்பில் போட்டு, "தமிழ்நாட்டுக்கும் வரப் போவுது, சீக்கிரம் கொடுத்துடுங்க" என்று எங்க ஹட்டிக்கே வந்து வண்டி விலையைப் பாதியாக்கின புரோக்கர்களையும் பார்த்தேன். இங்கே 15 வருஷம் முடிந்தால் வண்டியைக் காட்டி ஆர்சி புதுப்பிக்கலாம், 5,000 ரூபாய் கட்டணம். என் வண்டி போன வருஷம் போய் நின்றது, புகைச் சோதனையில் பாஸ். சரியாகப் பராமரித்த டீசல் கரும்புகை விடாது. கரும்புகை விடுகிற வண்டிக்குள் காற்று ஃபில்டரோ, இன்ஜெக்டரோ, டர்போவோ, ஏதோ ஒன்று கதறிக்கொண்டிருக்கிறது.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தது. சின்ன டீசல் இன்ஜினை அந்த அளவுக்குச் சுத்தமாக்க ஆகிற செலவு சின்னக் காருக்குக் கட்டாது என்று மாருதி முந்தின வருஷமே கையைத் தூக்கிவிட்டது. 1.3 மல்டிஜெட் இந்தியாவில் அதோடு முடிந்தது. அவர்கள் கணக்கில் அது சரிதான். ஆனால் அதற்கு அப்புறம் மலைக்கு ஏற்ற, எங்களுக்குக் கட்டுப்படியாகிற சின்ன டீசல் கார் புதிதாக எங்கே இருக்கிறது? பெரிய எஸ்யூவியில் டீசல் இருக்கிறது. பச்சைத் தேயிலை விற்கிற விலையில் அதை வாங்குகிறவன் எங்க ஹட்டியில் யாரும் இல்லை. மின்சார வண்டிமேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. இறக்கத்தில் பேட்டரி ஏறுமாம், கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. என் அடுத்த வண்டி அதுவாகக்கூட இருக்கலாம். அதுவரைக்கும் இருக்கிற பழைய வண்டிதான். நீங்கள் விற்கிற வண்டி.

அதனால்தான் கோபம். நீங்கள் நாலு கிலோமீட்டர் ஓட்டிக் கரி சேர்த்து, டெஃப்லான் பூசி, 80,000க்கு ரெண்டாயிரம் இருக்கும்போது தள்ளிவிடுகிற வண்டி எங்காவது நடு ராத்திரியில் யாரையோ ஏற்றிக்கொண்டு ஒரு ஏற்றத்தில் நிற்கும். அப்போது "சின்ன டீசல் இன்ஜினை நம்ப முடியாது" என்று இன்ஜின்மேல் பழி விழும்.

என் வண்டிக்கு அன்றைக்கு டர்போவைக் கோயம்புத்தூரில் ரீகண்டிஷன் பண்ணி, காற்றுக் குழாய் எல்லாம் கழற்றிச் சுரண்டி, செயினும் டென்ஷனரும் புதிதாகப் போட்டு, ஐம்பதாயிரத்துக்குப் பக்கம் ஆனது. அந்த வருஷப் பூண்டுக் காசு. அதற்கப்புறம் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஹெட் திறக்கவில்லை, இன்ஜெக்டர் தொடவில்லை. ஆயில், ஃபில்டர், ரெண்டு பேட்டரி, ஒரு கிளட்ச், குளிருக்கு ஒரு செட் ஹீட்டர் பிளக், அவ்வளவுதான். உறைபனி காலையிலும் ஹீட்டர் விளக்கு அணைகிற வரை பொறுத்து சாவியைத் திருப்பினால் ஒரே சுற்றில் பிடிக்கிறது. ரெண்டு பிரசவம், ஒரு பாம்புக்கடி, எண்ண முடியாத அளவுக்கு ஆஸ்பத்திரி நடை. மாமாவையே மாத்திரை வாங்க மாசா மாசம் அதில்தான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

சென்னை நண்பருக்கு வருகிறேன். அவர் வண்டியை வாங்க எங்க ஹட்டியிலேயே ஒரு பையன் தயாராக இருக்கிறான். அதனால், "விலை பேசறதுக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணுங்க. காலையில, வண்டி ஆறியிருக்கும்போது, சமமான இடத்துல நிறுத்தி, பானெட்டைத் திறந்து, மஞ்சள் வளையம் போட்ட குச்சியை உருவித் துடைச்சு, மறுபடி விட்டு எடுத்து எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க" என்றேன்.

நேற்று அனுப்பினார். குச்சியில் ரெண்டு புள்ளி இருக்கும், மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழ்ப்புள்ளியில் ஆயில் தொடவே இல்லை. நுனியில் மட்டும் கறுப்பாக ஒரு சொட்டு. "கரெக்டா இருக்கா?" என்று கேட்டிருந்தார்.

சாவியைத் தொடாதீங்க சார், முதல்ல போய் ஆயில் வாங்கிட்டு வாங்கன்னு உடனே போன் பண்ணிச் சொன்னேன்.